இரண்டுங்கெட்டான் கை

பெற்றீசியா இந்த வருஷம் தன்னோடு சேர்ந்து சீட்டு ஆடமாட்டாள் என்ற விஷயம் றெஜினோல்ட்டுக்குப் பெற்றீசியாவின் வாயிலிருந்து வரவில்லை. நிலூஷாவிடமிருந்துதான் வந்தது. அவளும் அவனிடம் சொல்ல நினைக்கவில்லை. கட்லட் தட்டை மேசையில் வைத்துக்கொண்டே, "பேரு குடுத்தாச்சு அக்கா, நம்ம ரெண்டு பேரும்தான்," என்று பெற்றீசியாவிடம் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது.

"எதுக்குப் பேரு?" என்று கேட்டான்.

நிலூஷா தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அம்பிட்டியவில் ஹென்றியின் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் இந்த நாலு பேரும் கூடுவது வழக்கம். ஹென்றியும் நிலூஷாவும் புருஷன் பெண்சாதி. றெஜினோல்ட்டும் பெற்றீசியாவும் அப்படியே. ஆட்டம் எப்போதும் முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டம். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். மாதா கோயில் திருநாளன்று பங்கு மண்டபத்தில் இதற்கு ஒரு போட்டி நடக்கும், கப் கொடுப்பார்கள். போன வருஷத்துக் கப் றெஜினோல்ட்டின் அலுமாரிக்கு மேலே நிற்கிறது.

கப்போடு சேர்ந்து இன்னொரு விஷயமும் அந்தப் பங்கில் எல்லோருக்கும் தெரியும். றெஜினோல்ட் ஏசுவான். முன்னூற்றி நாலில் கூட்டாளியை ஏசாதவன் யார் என்று கேட்கலாம். எல்லோரும் ஏசுகிறவர்கள்தான். ஒரு கை முடிந்ததும், "ஏன் அதைப் போட்ட, இத வச்சிக்கிட்டு?" என்று ஒரு வார்த்தை, பிறகு சீட்டைக் கலைத்து அடுத்த கை. றெஜினோல்ட்டுக்கு ஒரு வார்த்தை போதாது. முதல் சீட்டிலிருந்து கடைசிச் சீட்டு வரை ஒவ்வொன்றாக எடுத்து, யார் எதைப் போட்டார்கள், பெற்றீசியா எதைப் போட்டிருக்க வேண்டும், அவளுக்கு ஏன் அது தெரியாமல் போனது என்று மேசையில் இருப்பவர்கள் பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை விளக்குவான். அவனுக்கு அபார ஞாபகசக்தி. அந்த ஞாபகசக்தியை வேறு எதற்காவது பயன்படுத்தியிருக்கலாம்.

"திருநாள் போட்டிக்கு," என்றாள் பெற்றீசியா கடைசியில். "இந்த முறை நான் நிலூஷாவோட சேர்றேன். ஒரு மாறுதலுக்கு."

"கப் எடுத்த ஜோடிய யாராவது பிரிப்பாங்களா?"

"ஒரு மாறுதலுக்குத்தானே."

அவன் ஹென்றியின் பக்கம் திரும்பினான். "சரி, விடு. அப்ப நீயும் நானும்."

ஹென்றி பல வருஷங்கள் கப்பலில் சாப்பாடு பரிமாறும் வேலையில் இருந்துவிட்டு வீட்டோடு வந்தவன். இலேசில் கோபப்படாத ஆள். சிரித்துக்கொண்டே, "ஐயோ றெஜி," என்றான். "நான் கப்பல்ல வேண்டிய அளவுக்கு ஏச்சு வாங்கிட்டுத்தான் ஊருக்கு வந்தேன்."

நிலூஷா சிரித்தாள். பெற்றீசியாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். றெஜினோல்ட்டும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி. காது இரண்டும் சூடாகிவிட்டன. தன்னோடு ஆட ஒருவரும் இல்லை என்பது அவனுக்கு அந்த அறையில்தான் தெரியவந்தது. மற்ற மூன்று பேருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது.

ஹென்றிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எழுந்துபோய் மேசை லாச்சியைத் திறந்து வேறொரு சீட்டுக்கட்டை எடுத்து வந்தான். "இன்னைக்கு வேற ஒண்ணு பழக்கித் தாரேன். போக்கர். கப்பல்ல வெள்ளைக்காரன் எல்லாம் இதுதான். இதுல கூட்டாளியே இல்ல. ஆளாளுக்கு அவனவன் கை."

"சூதாட்டம் எல்லாம் இந்த வீட்டுல ஏலாது," என்றாள் நிலூஷா. அவள் ஸ்கூல் யூனிஃபோம் தைப்பவள். காசுக்குப் பதிலாகத் தன் பட்டன் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து, சட்டைப் பட்டன் சின்னக் காசு, கோட்டுப் பட்டன் பெரிய காசு என்று ஆளுக்கொரு பங்காகப் பிரித்தாள்.

ஹென்றி விளக்கினான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவருக்குக் காட்டக்கூடாது. நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கப்படும். கையில் உள்ளதையும் நடுவில் உள்ளதையும் சேர்த்து யாரிடம் நல்ல சேர்க்கை வருகிறதோ அவருக்குப் பட்டன். ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம் வைக்கலாம், ஏற்றலாம், ஈடாகப் போட்டுக்கொண்டு கூடவே வரலாம், பிடிக்காவிட்டால் சீட்டைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கலாம். றெஜினோல்ட், "தெரியும், தெரியும்," என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

முதல் கையிலேயே அவனுக்கு வந்தது ஜேக்கும் ஒன்பதும். இரண்டும் சிவப்பு, இரண்டும் ஒரே இனம்.

முன்னூற்றி நாலு ஆடியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஆட்டத்தில் ஜேக்தான் எல்லாவற்றுக்கும் பெரியது. அதற்கு அடுத்தது ஒன்பது. ஆஸ் அதற்கும் கீழே. ராசாவும் ராணியும் பெயருக்குத்தான் ராசா ராணி, அவர்களை ஒருவரும் மதிப்பதில்லை. ஜேக்கும் ஒன்பதும் ஒரே இனத்தில் கைக்கு வந்தால் மனுஷனுக்கு வியர்க்கும். றெஜினோல்ட்டுக்கு வியர்த்தது. நடுவில் ஒரு சீட்டும் திறக்காத முன்பே தன் பட்டன் அத்தனையையும் முழங்கையால் முன்னால் தள்ளினான்.

பெற்றீசியா சீட்டைக் கீழே வைத்தாள். ஹென்றியும் வைத்தான். நிலூஷா மட்டும் தயங்கித் தயங்கி ஈடாகப் போட்டாள். நடுச்சீட்டுகள் திறந்தன: ஆஸ், நாலு, எட்டு, ரெண்டு, ராசா. நிலூஷா தன் கையைக் காட்டினாள். ஒரு ஆஸ், ஒரு ராசா.

"ஜேக் என்கிட்டதானே இருக்கு," என்றான் றெஜினோல்ட்.

"இந்த ஆட்டத்துல ஜேக்குக்கு மேல மூணு பேர் இருக்காங்க, றெஜி. ராணி, ராசா, ஆஸ். ஒன்பது சும்மா ஒன்பதுதான்," என்றான் ஹென்றி.

றெஜினோல்ட் வெடுக்கென்று எதிர்க் கதிரையைப் பார்த்து, "நீ ஏன் அப்ப..." என்று ஆரம்பித்தான். அங்கே பெற்றீசியா சும்மா இருந்தாள். அவளுடைய சீட்டுகள் எப்போதோ கீழே போய்விட்டன. இந்தத் தோல்வியில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை. திறந்த வாய்க்குள் ஒரு கட்லட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் போக்கரைப் படிக்கத் தொடங்கினான். அவன் எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. பிலிமத்தலாவையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் களஞ்சியப் பொறுப்பாளர் அவன். மத்தியானச் சோற்றை ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஃபோனில் போக்கர் வீடியோக்களைப் பார்த்தான். எந்தச் சீட்டோடு எந்தச் சீட்டு வந்தால் ஆடலாம், எந்த இடத்தில் இருந்தால் விடவேண்டும் என்பதையெல்லாம் மனப்பாடம் செய்தான். முன்னூற்றி நாலு பழைய காலத்து ஆட்டம், மூளை உள்ளவனுக்கு இதுதான் சரி என்று கடையில் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தான். திருநாள் போட்டியில் தான் ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டுமே.

அடுத்த ஞாயிறு ஹென்றி அவனுக்குப் பாடம் நடத்தினான். பெண்கள் இருவரும் திருநாளுக்குப் பழகவென்று சமையலறையில் வேறு கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல கை தானா ஆடும் றெஜி. கெட்ட கையக் கீழ வைக்க யாரும் சொல்லித் தரத் தேவையில்ல. மனுஷன மாட்டி விடுறது இந்த ரெண்டுங்கெட்டான் கைதான். ஒன்ட ஜேக்கும் ஒன்பதும் மாதிரி. பாக்க அழகா இருக்கும். கீழ வைக்கவும் மனசு வராது, வச்சு ஆடவும் தைரியம் வராது."

"அப்ப என்ன செய்றது?"

"எந்த இடத்துல இருக்கன்னு முதல்ல பாரு. எல்லாரும் பேசி முடிஞ்ச பொறகு பேசுற இடம்னா, மத்த மூணு பேரோட போக்கையும் பாத்துட்டுச் சேரலாம். முதல் ஆளாப் பேசணும்னா, கீழ வச்சிரு. ஒனக்கு முன்னுக்கே ஒருத்தர் ஏத்திட்டாரா, அவர்கிட்ட ஒன்ன விட நல்லது இருக்குன்னு நினைச்சிக்க. வச்சிரு. பாதி வழியில சரிவராதுன்னு தெரிஞ்சா, போட்ட பட்டன நினைச்சிட்டு அதுக்குப் பின்னால ஓடாத. வச்சிரு."

"எல்லாத்துக்கும் வச்சிருதானா?"

"அதுதான் பாடமே."

பாடம் புரிந்தது. மனதுக்குத்தான் பிடிக்கவில்லை. முன்னூற்றி நாலில் கைக்கு வந்த சீட்டை எல்லாம் கடைசிவரை போட்டே ஆகவேண்டும், நடுவில் கீழே வைக்கும் வசதி இல்லை. தோற்றாலும் தோல்வியில் பாதியை எதிர்க் கதிரையில் இறக்கி வைக்கலாம். இங்கே வைப்பதும் அவன், வைக்காமல் மாட்டுவதும் அவன். சீட்டைக் கீழே வைக்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று பேர் பார்த்திருக்கத் தான் பின்வாசலால் ஓடுவது போல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குப் பயந்து வைக்காமல் ஆடினான். ஆடித் தோற்றான். அது அதைவிட வெட்கம்.

பெண்கள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு பெற்றீசியா அதிகம் கதைக்கவில்லை. அடிக்கடி சீட்டைக் கீழே வைத்தாள். வைப்பதில் அவளுக்கு எந்த வருத்தமும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் பின்னேரம் முடியும்போது கோட்டுப் பட்டன்கள் எல்லாம் அவளுக்கு முன்னால் கிடந்தன.

"அதிஷ்டக்காரி," என்றான் றெஜினோல்ட்.

"ஓ, அதிஷ்டந்தான்," என்றாள் அவள்.

அதற்கும் அடுத்த ஞாயிறு மழை. ஹென்றியின் ஜன்னலிலிருந்து வழக்கமாகத் தெரியும் வாவியும் டவுன் கூரைகளும் அன்றைக்குத் தெரியவில்லை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. றெஜினோல்ட் அன்று நன்றாகவே ஆடினான். படித்ததெல்லாம் வேலை செய்தது. முதல் ஆளாகப் பேசவேண்டி வந்தபோது சீட்டைக் கீழே வைத்தான். ஹென்றி ஏற்றியபோது வைத்தான். பட்டன் குறையவில்லை, கூடவும் இல்லை. ஒரு மனிதன் இவ்வளவு திருந்தியதை யாரும் கவனித்ததாகத் தெரியாதது மட்டும்தான் அவனுக்கு வருத்தம்.

பிறகு மறுபடியும் ஜேக்கும் ஒன்பதும் வந்தது. இந்த முறை அவன் இருந்தது கடைசியாகப் பேசும் இடத்தில். சேரலாம் என்று பாடம் சொல்கிறது, சேர்ந்தான். நடுவில் ஒன்பது, ஆறு, இரண்டு விழுந்தது. அவனுக்கு ஒன்பதில் ஒரு ஜோடி. ஹென்றியும் நிலூஷாவும் ஒதுங்கினார்கள். பெற்றீசியா இரண்டு கோட்டுப் பட்டன் வைத்தாள். ஈடாகப் போட்டான். அடுத்தது ராசா. அவள் மீண்டும் பட்டன் வைத்தாள். மீண்டும் போட்டான். கடைசிச் சீட்டு ராணி. இப்போது அவள் பந்தயம் வைக்கவில்லை, மேசையை விரலால் தட்டிவிட்டு அவனிடம் விட்டாள்.

ஒன்பதின் ஜோடியை வைத்துக்கொண்டு ராசாவையும் ராணியையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கையில் ராசா இருந்தால் முடிந்தது கதை. சும்மா தட்டிவிட்டுச் சீட்டைக் காட்டியிருக்கலாம், பெரிய நட்டம் இல்லை. ஆனால் இந்த மேசையில் தான் எதையாவது செய்து காட்டவேண்டும் என்ற அரிப்பு அவனுக்குள் மூன்று ஞாயிறாக இருந்தது. வீடியோவில் பார்த்திருக்கிறான்: கையில் ஒன்றும் இல்லாதபோது எல்லாம் இருப்பது போல ஏற்ற வேண்டும், எதிராளி பயந்து சீட்டைக் கீழே வைத்துவிடுவார். எதிராளி பெற்றீசியா. பயப்படுவதற்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் வேறு யார் என்று நினைத்தான். பட்டன் முழுவதையும் தள்ளினான்.

பெற்றீசியா தன் சீட்டைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், அரிசியில் கல் பார்ப்பது போல. பிறகு தன் பட்டன்களை எல்லாம் தள்ளி, "சரி, காட்டுங்க," என்றாள்.

அவன் காட்டினான். அவளும் காட்டினாள். பத்தில் ஒரு ஜோடி. ராசாவும் இல்லை, ராணியும் இல்லை.

ஹென்றி கதிரையிலிருந்து எழுந்தே விட்டான். "பெற்றீசியா, ராசாவும் ராணியும் கீழ கிடக்கைக்குள்ள இத வச்சிக்கிட்டா காட்டச் சொன்னீங்க? கப்பல்ல பெரிய பெரிய ஆளே கீழ வச்சிருப்பான்."

"எனக்கும் தெரியும், இது ரெண்டுங்கெட்டான் கைதான்னு," என்றாள் பெற்றீசியா. பாராட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. முகம் மலர்ந்திருந்தது. "சீட்டப் பாத்து ஒண்ணும் தீர்மானிக்க ஏலாது. அதான் அவர் மூஞ்சியப் பாத்தேன்."

"மூஞ்சியில என்னக்கா இருக்கு?" நிலூஷா கேட்டாள்.

"கையில நல்லது இருந்தா இவர் என்னைய திரும்பியே பாக்கமாட்டார். கை சரியில்லன்னா, தோக்கப் போறம்னு தெரிஞ்சா, என்னைய ஏசுறதுக்கு வாயத் தயார் பண்ணுவார். கீழுதடு இப்பிடி உள்ளுக்குப் போகும்."

செய்து காட்டினாள். கீழுதட்டைப் பல்லுக்குள் இழுத்து, தாடையை ஒரு பக்கமாகக் கோணி, கண்ணைச் சுருக்கினாள்.

அச்சு அசல் றெஜினோல்ட். ஹென்றியும் நிலூஷாவும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பெற்றீசியா சிரிக்கவில்லை. அவள் வேடிக்கைக்குச் செய்யவில்லை; கேட்டதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கலியாணம் முடிச்ச நாள் தொட்டு பாக்கிறேனே. சீட்டப் போட்டுட்டு நிமிந்து பாப்பேன். உதடு உள்ளுக்குப் போனா நான் போட்டது பிழை. அப்பவே மனசத் திடப்படுத்திக்குவேன். பொறகு ஏச்சு வந்தா அவ்வளவு நோகாது."

சிரிப்பு நின்றுவிட்டது. நிலூஷா பட்டன்களைப் பொறுக்கி டப்பாவில் போடத் தொடங்கினாள், ஆட்டம் முடியாத முன்பே. ஹென்றி மழை விட்டுவிட்டதா என்று பார்க்கப் போனான். மழை விடவில்லை என்பது உள்ளே இருந்தபடியே நன்றாகக் கேட்டது.

றெஜினோல்ட்டுக்குத் தரை பிளந்து விழுங்கினால் போதும் என்றிருந்தது. ஆட்டத்தில் தோற்றது ஒரு பொருட்டே இல்லை. தன் முகத்தை அவள் முகத்தில் பார்த்துவிட்டான். இவ்வளவு காலமும் அவள் எதிரே இருந்து பார்த்தது அதைத்தான். இவ்வளவு அசிங்கமான ஒன்றைப் பார்த்துக்கொண்டு அவள் எப்படிச் சீட்டுப் போட்டாள், எப்படிக் கப் எடுத்தாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே குடையின் கீழ் நடந்தார்கள். அவள் திருநாளுக்குத் தைக்கக் கொடுத்த சட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். தான் சொன்னது அவனை எங்கே தைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அது செய்தியே இல்லை, மழை பெய்கிறது என்பது போல ஒரு விஷயம். அதுதான் அவனை அதிகமாகக் கொன்றது.

வீட்டில் குளியலறைக் கண்ணாடியில் உதட்டை உள்ளே இழுத்துப் பார்த்தான். சரியாக அதேதான்.

போன வருஷத்துத் திருநாள் நினைவுக்கு வந்தது. ஃபாதர் கையால் கப்பை வாங்கிக்கொண்டு மேடைப் படியில் இறங்கும்போதே, "நீ அந்த ஆஸ முன்னுக்கே எடுத்திருந்தா இவ்வளவு இழுபட்டிருக்காது," என்று தொடங்கினான். ஜெயித்த ஆட்டத்துக்கு ஏச்சு. கப்பின் ஒரு காதை அவன் பிடித்திருந்தான், மற்றக் காதை அவள். வழிநெடுக ஆட்கள் நின்று கைதட்டினார்கள். அவள் சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்ததாகத்தான் அவன் இதுவரை நினைத்திருந்தான்.

இனி ஏச மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று பல தடவை யோசித்தான். அவள் தேங்காய் துருவும்போது போய்ப் பக்கத்தில் நின்றான். "என்ன வேணும்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல," என்று வந்துவிட்டான். சொன்னால் அவள் நம்பவேண்டும். நம்பாவிட்டால் அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. சொல்லாமல் நடந்து காட்டுவோம் என்று தீர்மானித்தான். கறியில் உப்புக் கூடியபோது ஒன்றும் சொல்லவில்லை. அலுமாரித் திறப்பைக் காணாதபோது அவனே தேடினான். ஆனால் காலையில் பிளேன்டீயை நீட்டும்போது அவள் கண் அவன் வாயில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போவதை இப்போது கவனித்தான். சீனி அளவைப் பற்றிய கவலை என்று அதை இவ்வளவு காலமும் நினைத்திருந்தான். முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தான்.

திருநாள் வந்தது. பூசை முடிந்து, அன்னதானம் முடிந்து, பின்னேரம் பங்கு மண்டபத்தில் போட்டி. றெஜினோல்ட் வருவதா வேண்டாமா என்று காலையிலிருந்து குழம்பினான். வராவிட்டால் மனைவி ஜெயிக்கப் பொறுக்காதவன் என்பார்கள். வந்தால் ஏன் ஆடவில்லை என்பார்கள். வந்து, சுவரோரமாக மற்றப் புருஷன்மாரோடு நின்றான். "என்ன றெஜினோல்ட், இந்த முறை கைவிட்டாச்சா?" என்று கேட்டவர்களுக்குப் போக்கர் கதையைச் சொல்லவில்லை. "அவங்க நல்லா ஆடுறாங்க," என்று மட்டும் சொன்னான். அது உண்மைதான். பெற்றீசியாவும் நிலூஷாவும் ஒவ்வொரு ஜோடியாகத் தள்ளிக்கொண்டு கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். எதிரே தெல்தெனியவிலிருந்து வந்திருந்த அண்ணன் தம்பி இருவர், கெட்டிக்காரர்கள்.

பெற்றீசியா அன்று வேறு ஆளாக இருந்தாள். கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் துணிந்து கேட்டாள். நிலூஷா ஒரு பிழை விட்டபோது, "பரவால்ல, பாத்துக்குவோம்," என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைப் போட்டாள். இப்படியும் சொல்லலாம் என்று றெஜினோல்ட்டுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டது. ஒரு கை மிச்சம். தம்பிக்காரன் ஜேக்கை இறக்கினான். அந்த இனத்தில் பெற்றீசியாவிடம் ஒன்பதும் இருந்தது, ஏழும் இருந்தது. றெஜினோல்ட் நின்ற இடத்திலிருந்து அவள் சீட்டு தெரிந்தது. எதிராளியின் ஜேக்குக்கு ஏழைப் போடவேண்டும். ஏழுக்குப் பெறுமதி இல்லை, போனால் போகட்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பெற்றீசியாவின் விரல் எப்படியோ தவறி ஒன்பதை உருவிப் போட்டுவிட்டது. ஒன்பதுக்குரிய இருபது புள்ளியும் எதிராளியின் மடியில் போய் விழுந்தது.

சனத்தில் யாரோ "ச்ச்" என்றார்கள்.

பெற்றீசியா நிமிர்ந்தாள். எதிரே இருந்த நிலூஷாவை அவள் பார்க்கவில்லை. மண்டபத்தில் அத்தனை பேரையும் தாண்டி, சுவரோரம் நின்ற றெஜினோல்ட்டை நேரே பார்த்தாள்.

அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசமாட்டேன் என்று மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் காலையில் நேர்ந்துகொண்டு வந்தவன் அவன். ஆனால் அவள் பார்த்த அந்த நேரத்தில்தான் தன் கீழுதடு பல்லுக்குள் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. எப்போது போனதென்று தெரியாது. வெளியே இழுத்தான். பிந்திவிட்டது. அவள் தோள் சுருங்கி, கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். கையிலிருந்த சீட்டுகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், யாரோ பறிக்க வருவது போல.

றெஜினோல்ட் ஆட்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். ஹென்றி பின்னாலேயே வந்து கையைப் பிடித்தான். "இன்னும் முடியல்லையே. எங்க போற?"

"நான் நின்னா அவ சீட்டப் பாக்க மாட்டா," என்றான். "என்னையத்தான் பாப்பா."

ஹென்றி கையை விட்டுவிட்டு உள்ளே போனான்.

வெளியே கொடிகள் நனைந்து தொங்கின. கச்சான் கடலை விற்பவர் வண்டிக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். றெஜினோல்ட் மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வேனின் மறைவில் நின்றான். உள்ளே என்ன நடக்கிறதென்று திரும்பிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கையைச் சரியான நேரத்தில் கீழே வைத்திருக்கிறான் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் அது ஆறுதலாக இருந்திருக்கும். அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதன் தன் பெண்சாதி நிம்மதியாக ஒரு சீட்டைப் போடுவதற்கு மண்டபத்தை விட்டே வெளியேற வேண்டியிருக்கிறது என்றால் அவன் என்ன மனிதன் என்றுதான் நினைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

உள்ளே கைதட்டல் கேட்டது. யாருக்கென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். ஹென்றி வந்தான், அவனுக்குப் பின்னால் நிலூஷா. நிலூஷாவின் கையில் கப் இருந்தது. அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மழை படாமல் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

றெஜினோல்ட் ஒரு வசனத்தைத் தயாராக வைத்திருந்தான். நீ நல்லா ஆடின, பெற்றீசியா. அவ்வளவுதான். நின்ற நேரம் முழுக்க அதைத்தான் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தான்.

பெற்றீசியா கூட்டத்தில் அவனைத் தேடிக் கண்டுபிடித்து, வேகமாக நடந்து வந்தாள். யாரோ வழியில் கைகொடுத்ததைக்கூடச் சரியாக வாங்கவில்லை. அவனுக்கு முன்னால் வந்து நின்றதும், அவன் வாயைத் திறக்க முன்பே சொன்னாள்:

"அந்த ஒன்பது பிழை. ஏழு கையில இருந்திச்சு. தெரியும். விரலு தவறிட்டுது."

கப் எடுத்துவிட்டு வந்தவள் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லும்போது அவள் கண் அவன் கீழுதட்டில் இருந்தது.

றெஜினோல்ட் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டான். தயாராக வைத்திருந்த வசனம் உள்ளேயே நின்றுவிட்டது. கண் கலங்கியது. பெற்றீசியா அவன் முகத்தில் தெரிந்த மிச்சத்தை உற்றுப் பார்த்தாள். எதிரே இருந்து இத்தனை வருஷமாக வாசித்த முகம். அதில் இப்போது இருப்பது என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. முன்னே பின்னே பார்த்திருந்தால் அல்லவா தெரியும்.

"என்னாங்க, பல்லு வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றான் கைக்குள்ளிருந்தே. "வெக்கமா இருக்கு."

பெற்றீசியா குடையை விரித்து அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒன்பதைப் பற்றி அவன் தொடங்குவதற்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்து நின்றாள்.